இன்சுலினும் விமானப் பிரயாணமும்

அயல்நாடு செல்வதென்பது ஒரு காலத்தில் கப்பற் பிரயாணமாகவே இருந்தது. வாரக்கணக்கில் கடலில் மிதந்த பின்னரே அக்கரை தென்படும். அதனால் உடலும் உணவும் உறக்கமும் புதிய நாட்டின் நேரத்துக்குச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. இன்றோ பெங்களூரில் காலையில் விமானம் ஏறுகிறவர் அன்று பொழுது சாயும் முன்னரே லண்டன் வீதியில் நிற்கிறார். கால் ஊர் மாறிவிட்டது; உடலோ இன்னும் பழைய ஊரின் நேரத்திலேயே இருக்கிறது. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு இது ஓரிரு நாள் அயர்வோடு தீர்ந்துவிடும். இன்சுலின் ஊசியை நம்பி வாழ்பவருக்கு அவ்வாறு விட்டுவிட முடியாது. முன்யோசனை அவசியமாகிறது.

இவ்வாறு செல்பவர்கள் சிலரே என்று எண்ண வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, 2021-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். இவர்களில் ஒரு பகுதியினர் இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள். பெங்களூரில் பணிபுரியும் பொறியாளர், மேற்படிப்புக்குச் செல்லும் மாணவி, ஹஜ் யாத்திரை செல்லும் முதியவர், அமெரிக்காவில் மகளின் பிரசவத்துக்கு உதவச் செல்லும் தாய் என்று பலரும் இதில் அடங்குவர். இவர்கள் பிரயாணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், விமானப் பிரயாணம் இன்சுலினை எவ்வெவ்வாறு பாதிக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதனைக் காரணத்தோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இன்சுலினைப் பற்றிச் சில வார்த்தைகள். கனடாவின் டொரான்டோ நகரில் 1921-ஆம் ஆண்டில் பான்டிங் என்ற இளம் அறுவை மருத்துவரும் பெஸ்ட் என்ற மாணவரும், மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இதனைக் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தனர். காலிப் என்ற வேதியியல் அறிஞர் அதனைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரியில், மரணத்தின் வாயிலில் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தான். அதற்கு முன்னர், இளம் வயதில் இந்நோய் கண்ட குழந்தைகளுக்குப் பட்டினிக்கு ஒப்பான பத்திய உணவைத் தவிர மருத்துவம் எதுவும் இருந்ததில்லை. நம் பகுதியில், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். நெடுங்காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டு வந்தது. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே உண்டாக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் ஒருவகை ஈஸ்ட்டைக் கொண்டு இவ்வாறு இன்சுலின் தயாரித்து, 2004-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எவ்வழியில் உண்டாக்கினாலும் இன்சுலின் என்பது ஒரு புரதமே. முட்டையின் வெண்கருவும் புரதந்தான். அதனைச் சூடாக்கினால் கட்டியாகிவிடுகிறது. பின்னர் குளிரவைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இன்சுலினும் இத்தகையதே. மிகுந்த வெப்பத்தில் அதன் ஆற்றல் குன்றும். உறைந்துபோனாலோ கெட்டுவிடும், உருகிய பின்பு பார்வைக்கு நன்றாக இருப்பினும் அதனை உபயோகிக்கலாகாது. ஆகையால் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்கவேண்டும். உபயோகத்துக்கு எடுத்த குப்பியையோ பேனாவையோ, 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் பொதுவாக 4 வாரம் வரை வைத்திருக்கலாம். வகைக்கு வகை இது சிறிது மாறுமாதலால், உறையில் அச்சிட்டிருப்பதையே முடிவாகக் கொள்ளவேண்டும்.

இதிலிருந்து பிரயாணத்தின் முதல் விதி தானாகவே பிறக்கிறது. இன்சுலினை விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டியில் வைக்கக்கூடாது. கையோடு கொண்டுசெல்லும் பையிலேயே வைக்கவேண்டும். சரக்கு அறையில் குளிர் மிகுந்து மருந்து உறைந்துவிடக்கூடும் என்பது ஒரு காரணம். பெட்டி வழிதவறிப் போகக்கூடும் என்பது மற்றொரு காரணம். துபாயிலோ தோஹாவிலோ பிராங்பர்ட்டிலோ விமானம் மாறும்போது பிரயாணி ஒரு விமானத்திலும் அவர் பெட்டி வேறொரு விமானத்திலும் செல்வது அரிதன்று. புடைவை இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தால் குறையொன்றும் இல்லை. இன்சுலின் இரண்டு நாள் கழித்து வருவதை உடல் பொறுக்காது. துணைக்கு ஒருவர் வருவாராயின் மருந்தை இரு பங்காக்கி இருவர் கைப்பையிலும் வைப்பது நலம். ஒரு பை தொலைந்தாலும் மற்றது உதவும்.

விமானப் பணியாளரிடம் கொடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லலாமே என்று சிலர் நினைக்கின்றனர். அங்குள்ள குளிர் எவ்வளவு என்பதை நாம் அறிய முடியாது. இறங்கும் அவசரத்தில் மறந்துவிடவும் கூடும். அதற்குத் தேவையும் இல்லை. விமானத்தின் உட்பகுதி குளிர்ச்சியாகவே இருப்பதால் 10 அல்லது 16 மணி நேரத்துக்கு மருந்து கைப்பையிலேயே நன்றாக இருக்கும். வெயிலுக்குக் காப்பாக இருவகைப் பைகள் கிடைக்கின்றன. ஒன்று, உறையவைத்த பொதியைச் சுற்றிவைப்பது. இதில் உறைந்த பொதி மருந்தைத் தொடாதவாறு இடையே துணி வைக்கவேண்டும். மற்றொன்று, நீரில் நனைத்தால் தானே குளிரும் பை. மண்பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்வதை நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். இப்பையின் தத்துவமும் அதுவேதான். மின்சாரமோ பனிக்கட்டியோ இதற்கு வேண்டுவதில்லை.

எவ்வளவு கொண்டுசெல்வது? குறுகிய பிரயாணமாயின் கணக்கிட்ட தேவையைப் போல இருமடங்கு என்பது பொது விதி. நீண்ட தங்கலாயின் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். நாளொன்றுக்கு இரு வேளையாக மொத்தம் 30 யூனிட் எடுத்துக்கொள்ளும் ஒருவர் 90 நாள் தங்கப் போகிறார் என்று கொள்வோம். அவருக்கு 2,700 யூனிட் வேண்டும். ஒவ்வொரு முறையும் பேனாவின் ஊசி முனையில் மருந்து வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியேற்றுகிறோம். அவ்வகையில் 360 யூனிட் கழியும். ஆக 3,060 யூனிட். ஒரு பேனாவில் 300 யூனிட் இருப்பதால் 11 பேனா தேவை. இதற்கு மேல் உடைவதற்கும் கெடுவதற்கும் சில பேனாக்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊசிமுனைகள், சர்க்கரை அளக்கும் கருவி, அதற்கான பட்டைகள், மின்கலம் ஆகியவற்றையும் இவ்வாறே கணக்கிட்டு எடுத்துவைக்க வேண்டும்.

அடுத்து, மருத்துவரின் கடிதம். அதில் பிரயாணியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே இருக்கவேண்டும். அவருக்கு நீரிழிவு உண்டு என்பதும், இன்சுலினையும் ஊசியையும் எப்போதும் உடன் வைத்திருத்தல் அவசியம் என்பதும், மருந்துகளின் அளவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே கிளார்ஜின், அஸ்பார்ட், லிஸ்ப்ரோ என்பன போன்ற மருந்தின் பொதுப்பெயரையும் குறிக்கச் செய்யவேண்டும். மருந்துகள், கடைச் சீட்டு ஒட்டிய அவற்றின் சொந்த உறைகளிலேயே இருப்பது நல்லது. கடிதத்தின் நகல் ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றைக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளலாம்.

விமான நிலையச் சோதனையைக் குறித்துப் பலருக்கு வீண் அச்சம் இருக்கிறது. வெளிநாட்டுப் பிரயாணத்தில் கைப்பையிலுள்ள திரவம் எதுவும் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கலத்தில் இருக்கக்கூடாது என்பது விதியே. ஆனால் உரிய சீட்டோடு கூடிய மருந்துக்கு இதில் விலக்கு உண்டு. மேலும் இன்சுலின் குப்பி 10 மில்லிலிட்டரும், பேனா 3 மில்லிலிட்டருமே கொள்வன. பெங்களூர் நிலையத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் சோதனை செய்கின்றனர். அவர்கள் பையைத் திறந்து கேட்பதற்கு முன்பாகவே, “இதில் இன்சுலினும் ஊசியும் உள்ளன, இதோ மருத்துவர் கடிதம்” என்று நாமே கூறிவிட்டால் காலதாமதம் குறையும். கைப்பையைச் சோதிக்கும் எக்ஸ்ரே கதிரில் ஒருமுறை இருமுறை சென்று வருவதால் இன்சுலினுக்குக் கெடுதி இல்லை. உடலில் அணியும் இன்சுலின் பம்ப்பும், தோலில் ஒட்டும் சர்க்கரை அளவுக் கருவியும் அவ்வாறல்ல. அவற்றுட் சிலவற்றை எக்ஸ்ரேயிலோ உடற்சோதனைக் கருவியிலோ செலுத்தக்கூடாதென்று தயாரிப்பாளர் எச்சரிக்கின்றனர். அத்தகைய கருவியை அணிந்தவர், கையால் சோதிக்குமாறு கேட்டுக்கொள்ளலாம்.

சுங்க விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கெனப் பொதுவாக 90 நாளைக்கான மருந்தை அனுமதிப்பது வழக்கம். ஜப்பானிலோ ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் மருந்துச்சீட்டு மருந்தைக் கொண்டுசெல்ல முன்கூட்டியே சான்று பெறவேண்டும். ஆகவே செல்லும் நாட்டின் தூதரகம் வெளியிட்டுள்ள விதியைப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே படித்துப் பார்த்துக்கொள்வது தகும்.

இனி உணவைப் பார்ப்போம். வானத்தில் பறக்கும்போதுதான் அபாயம் என்று எண்ணுகிறோம். உண்மையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு இருக்கையில் அமரும் வரையிலான நேரமே மிகுந்த கவனத்துக்கு உரியது. பெங்களூரிலிருந்து அயல்நாடு செல்லும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுபவை. நகரின் நடுவிலிருந்து நிலையம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்று சேரவேண்டும். ஒருவர் வழக்கம்போல் இரவு 8 மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, விமானத்தில்தான் உணவு தருவார்களே என்று அரைவயிற்றோடு புறப்படுகிறார். ஹெப்பாளில் வண்டிகளின் நெரிசல், நிலையத்தில் நீண்ட வரிசை, விமானமோ தாமதம். உணவுத் தட்டு வரும்போது மணி 3 ஆகிவிடுகிறது. ஊசி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. உணவு மட்டும் வரவில்லை. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் உண்டாவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆகையால், ஊசி போட்டுக்கொண்டால் வீட்டிலேயே முழு உணவையும் முடித்துவிட்டுப் புறப்படுவதே முறை.

விமானத்திலும் இதே நியாயந்தான். உணவுக்கு முன் எடுக்கும் விரைவு இன்சுலினை, உணவு நம் முன் வந்து அமர்ந்த பின்னரே போட்டுக்கொள்ள வேண்டும். தட்டுகள் வரும் ஓசை கேட்கிறதே என்று முந்திக்கொண்டால், காற்றின் ஆட்டத்தால் பணியாளர் பரிமாறுவதை நிறுத்திவிட நேரலாம். நீரிழிவுக்காரருக்கான தனி உணவை முன்பதிவு செய்யும் வசதி பல விமானங்களில் உண்டு. அவ்வுணவில் சோறும் ரொட்டியும் மிகக் குறைவாக இருக்கலாம். வழக்கமான ஊசி அளவுக்கு அது போதாமற் போகலாம். எனவே தட்டைப் பார்த்த பின் அளவை முடிவு செய்வது நலம். கைவசம் பிஸ்கோத்து, சுண்டல், சப்பாத்தி போன்ற சிற்றுணவு எப்போதும் இருக்கட்டும். செல்லும் நாட்டில் விமானத்திலிருந்து உணவுப்பொருளை வெளியே கொண்டுசெல்லத் தடை இருக்கலாமாதலால், இறங்குமுன் மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும்.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கவேண்டும்; ஏறாவிடில் மறுபடியும் அவ்வாறே செய்யவேண்டும். பழரசப் புட்டியைச் சோதனையில் தடுத்துவிடக் கூடும்; குளுக்கோஸ் தூளுக்கோ மாத்திரைக்கோ அத்தடை இல்லை. இவற்றை மேலே உள்ள அடுக்கில் வைத்துவிட்டு உறங்கக் கூடாது. கைக்கெட்டும் இடத்திலேயே வைக்கவேண்டும். தனியே செல்பவர் தமக்கு நீரிழிவு இருப்பதை விமானப் பணியாளரிடம் சொல்லிவைப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. குழறிய பேச்சையும் தள்ளாட்டத்தையும் மது மயக்கமென்று பிறர் தவறாக எண்ணிவிடக் கூடும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டக்கூடாது என்பதையும் உடன் செல்பவர் அறிந்திருக்க வேண்டும்.

விமானம் உயரே சென்றதும் உட்காற்றின் அழுத்தமும் மாறுகிறது. வெளியே 11 கிலோமீட்டர் உயரத்தில் மனிதர் மூச்சுவிட இயலாது. ஆகவே உள்ளே காற்றைச் செலுத்தி அழுத்தத்தை உயர்த்தி வைக்கின்றனர். எனினும் அது தரைமட்ட அளவுக்கு இருப்பதில்லை. அதிகமாகப் போனால் 8,000 அடி உயரமுள்ள மலையின் அளவில் இருக்கும். உதகைக்கும் தொட்டபெட்டாச் சிகரத்துக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் அமர்ந்திருப்பதற்கு இது ஒப்பாகும். பெங்களூரின் அழுத்தத்திலிருந்து அந்த அழுத்தத்துக்குச் செல்லும்போது, அடைபட்ட காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு விரிவடைகிறது. பேனாவில் சிறு காற்றுக்குமிழி இருப்பின் அதுவும் விரியும். ஊசிமுனையைப் பொருத்தியே வைத்திருந்தால் அவ்வழியே மருந்து கசியும். இறங்கும்போது காற்று உள்ளே புகும். எனவே ஒவ்வொரு முறையும் ஊசிமுனையைக் கழற்றிவிட வேண்டும்; போடுமுன் குமிழியை வெளியேற்றிப் பார்க்க வேண்டும். குப்பியிலிருந்து எடுப்பவர் வழக்கமாகச் செலுத்தும் காற்றைவிடக் குறைவாகவே குப்பியினுள் செலுத்தவேண்டும். பம்ப் அணிபவருக்கு, விமானம் ஏறும்போது சிறிதளவு மருந்து கூடுதலாக உட்செல்ல வாய்ப்புண்டு. அவர் இதைக் குறித்துத் தம் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கழித்த ஊசிகளை முன்னிருக்கையின் பையில் செருகுவது பெரும் பிழை. மறுநாள் அதைத் துப்புரவு செய்பவரின் கையில் அது தைக்கும். தடித்த மூடியுள்ள டப்பா ஒன்றை இதற்கென வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் கடினமானது கடிகாரக் கணக்கு. ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒருவர் நாள் முழுதும் வேலை செய்யும் நீண்டகால இன்சுலினைப் பெங்களூரில் இரவு 9 மணிக்கு எடுத்துக்கொள்கிறார். மறுநாள் லண்டனில் இருக்கிறார். குளிர்காலத்தில் லண்டன் நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. அங்கே இரவு 9 மணி அடிக்கும்போது பெங்களூரில் மணி இரவு இரண்டரை. ஆகவே இரண்டு ஊசிகளுக்கும் இடையே 24 மணிக்குப் பதிலாக இருபத்தொன்பதரை மணி கழிந்துவிடுகிறது. ஐந்தரை மணி நேரம் உடல் போதிய மருந்தின்றி இருக்க நேரிடும்; சர்க்கரை ஏறும். திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு. இடைவெளி பதினெட்டரை மணியாகக் குறைகிறது. முந்தைய ஊசியின் வேலை முடியுமுன் அடுத்ததும் சேர்ந்துகொள்கிறது; சர்க்கரை தாழும். மேற்கே செல்பவரின் நாள் நீள்கிறது; கிழக்கே செல்பவரின் நாள் சுருங்குகிறது. இதை மறவாதிருந்தால் மற்றவை எளிதில் விளங்கும்.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரமே முந்தியது. இத்தகைய சிறு வேறுபாட்டுக்குப் பெரிய மாற்றம் பொதுவாக வேண்டுவதில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவோ குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி பின்தங்கியது. 2021 ஜனவரியில் பெங்களூரிலிருந்து அங்கே நேர் விமானம் தொடங்கியபோது பிரயாண நேரமே 16 மணிக்கு மேல் ஆயிற்று. பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டு 16 மணி நேரம் பறந்தவர், அங்கே அதே நாள் பிற்பகல் நாலரைக்கு இறங்குகிறார். நாட்காட்டியின்படி அவருடைய அன்றைய நாள் முப்பத்தேழரை மணி கொண்டது. அந்த ஒரே நாளில் எத்தனை வேளை உண்பது, எத்தனை ஊசி போடுவது என்பதை வானத்தில் அமர்ந்து யோசித்துத் தீர்க்க முடியாது.

இதற்கு ஒருவருக்குச் சொன்ன முறை மற்றவருக்குப் பொருந்தாது. நீண்டகால ஊசியைச் சில நாள் முன்பிருந்தே சிறிது சிறிதாக நேரம் தள்ளிப்போடலாம். அல்லது பிரயாண நாளில் அளவைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். நம் நாட்டில் பலர் எடுத்துக்கொள்ளும் கலவை இன்சுலின், காலை உணவோடும் இரவு உணவோடும் பிணைந்தது. உணவில்லாமல் அதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. ஆகவே பிரயாணச்சீட்டில் உள்ள நேரங்களை எடுத்துக்கொண்டு, புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு மருத்துவரிடம் சென்று, எந்த மணிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கும் வரை கைக்கடிகாரத்தைப் பெங்களூர் நேரத்திலேயே வைத்திருப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். நான்கு மணிக்கொரு முறையேனும் சர்க்கரையை அளந்து பார்க்கவேண்டும். பிரயாண நாளில் சர்க்கரை சற்று ஏறியிருப்பதைவிடத் தாழ்ந்துபோவதே உடனடி அபாயம் என்பதை நினைவில் இருத்துவோம். அதற்காக ஊசியை அடியோடு நிறுத்துவதும் தகாது. இளமையிலேயே தோன்றும் முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் ஒரு நாள் நின்றாலும் உயிருக்கு ஆபத்து நேரும்.

நாடு மாறினால் அளவைகளும் மாறுகின்றன. நேயர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். நம் நாட்டுக் கடைகளில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் யு-40. அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வழங்குவது யு-100. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். ஊசிக்குழல்களும் இவ்வாறே இருவகை. நம் யு-40 குழலுக்குச் சிவப்பு மூடி. யு-100 குழலுக்கு ஆரஞ்சு நிற மூடி. இங்கிருந்து கொண்டுபோன மருந்து தீர்ந்து, அங்கே வாங்கிய யு-100 குப்பியிலிருந்து நம் சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உட்செல்வது 20 அல்ல, 50 யூனிட். அது உயிரையே பறித்துவிடலாம். மாறாக, நம் யு-40 மருந்தை அங்கு வாங்கிய யு-100 குழலில் 20 வரை எடுத்தால் உட்செல்வது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும். பேனாவினுள் இருப்பது பொதுவாக யு-100 மருந்து. பேனா பழுதானதென்று அதிலிருந்து சிவப்பு மூடிக் குழலால் உறிஞ்சி எடுப்பதும் இதே விபரீதத்தில் முடியும். மருந்தில் எழுதிய எண்ணும் குழலில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே காக்கும் விதி.

சர்க்கரை அளவையும் இவ்வாறுதான். நாமும் அமெரிக்கரும் மில்லிகிராமில் கூறுகிறோம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளில் மில்லிமோல் என்ற அளவில் கூறுகின்றனர். அதனை 18 ஆல் பெருக்கினால் நம் கணக்கு கிடைக்கும். அங்குள்ள கருவி 10 என்று காட்டினால் நம் கணக்கில் 180, பதற வேண்டியதில்லை. 3.9 என்று காட்டினால் அது 70. உடனே குளுக்கோஸ் உட்கொள்ள வேண்டும்.

போய்ச் சேர்ந்த இடத்தின் தட்பவெப்பமும் கருத வேண்டியதே. கடுங்குளிர் நாட்டில் மருந்துப் பை உறைந்துவிடாமல் மேற்சட்டையின் உட்புறத்தில் இருக்கட்டும். வெப்ப நாட்டில் நிழலிலும் குளிர்ப்பையிலும் இருக்கட்டும்; நிறுத்திவைத்த காரினுள் எந்த நாட்டிலும் வைக்கக்கூடாது. 2024 ஜூன் மாத ஹஜ் காலத்தில் மக்காவில் வெப்பம் 50 டிகிரியைக் கடந்தது. அத்தகைய வெயிலில் இன்சுலின் விரைவில் கெடும். சுடுதரையில் வெறுங்காலோடு நடந்தால், உணர்ச்சி குன்றிய பாதத்தில் தெரியாமலே கொப்புளம் உண்டாகும். புது ஊரைச் சுற்றிப் பார்க்க அதிகம் நடப்பவருக்குச் சர்க்கரை தாழ்வதும் இயல்பு. தெளிவாக இருக்கவேண்டிய மருந்து கலங்கியிருந்தாலும், கலங்கலான மருந்தில் கட்டிகள் மிதந்தாலும் அதனை எறிந்துவிட வேண்டும். பார்வைக்கு மாற்றமில்லாமலும் மருந்து வலுவிழக்கலாம். காரணமின்றிச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் புதிய பேனாவை எடுத்துப் பார்க்கவேண்டும். வாந்தியோ காய்ச்சலோ வந்தால், உண்ணவில்லையே என்று இன்சுலினை நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். அயல்நாட்டில் மருத்துவச் செலவு மிகுதி. பிரயாணக் காப்புறுதி எடுக்கையில் நீரிழிவு இருப்பதை மறைத்தால், தேவைப்படும் வேளையில் பணம் கிடைக்காமற் போகும்.

இவ்வளவு எச்சரிக்கைகளையும் கேட்டுவிட்டு, வீட்டோடு இருப்பதே மேல் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். இன்சுலின் எடுத்துக்கொள்ளும் விமான ஓட்டிகளுக்கே, கடுமையான கண்காணிப்பின் கீழ், வணிக விமானம் செலுத்த 2012 முதல் பிரிட்டன் அனுமதி வழங்கி வருகிறது. 2019-இல் அமெரிக்காவும் அதற்கு வழி செய்தது. அவர்கள் பறக்கும்போது குறித்த நேரங்களில் தம் சர்க்கரையை அளந்து பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். முன்னே அமர்ந்து விமானத்தைச் செலுத்துபவரால் கடைப்பிடிக்க முடிந்த ஒழுங்கை, பின்னே அமர்ந்து செல்பவரும் கடைப்பிடிக்கலாம். பிரயாணச்சீட்டு வாங்கும் அன்றே மருத்துவரைக் காணவும் நாள் குறித்துக்கொண்டால், பேரக்குழந்தையைப் பார்க்கப் புறப்படும் பாட்டியார் எவரும் மன நிம்மதியோடு விமானம் ஏறலாம்.